கரண்ட் திரும்பி வரும் சத்தம்

சுமதி, ராஜேன், இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். போன வாரம் மழையில் கரண்ட் போய் வந்ததல்லவா? ராஜேன் மடியில் கணினியை வைத்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். காற்றாடி நின்றது, கொஞ்ச நேரத்தில் மறுபடி சுற்றியது. அவன் நிமிரக்கூட இல்லை. நான் மட்டும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். "அப்பா, யாருக்கு டாட்டா காட்டுறீங்க?" என்று சுமதி கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். அந்தக் கை ஏன் எழுந்தது என்று உங்களுக்கு நான் சொன்னதே இல்லை. எனக்குப் பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு படிப்பு நின்றது. எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் ரேடியோ, பிறகு டிவி ரிப்பேர் பழகினேன். ஈயம் உருக்கி ஒட்டுகிற புகையில் சில வருஷங்கள் போயின. அதில் சொல்ல அதிகம் ஒன்றும் இல்லை. எண்பதுகளில், வீட்டில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் பினாங்குக்கு வரத் தொடங்கியபோது, பினாங்கு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் கனகசபை ஐயாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அந்த மாடிதான்.

கரண்ட் போன மதியங்களில் ஜோர்ஜ்டவுன் வேறு ஊர் மாதிரி ஆகிவிடும். காற்றாடிகளின் இரைச்சல் அடங்கினதும் அதற்கு அடியில் இருந்த சத்தமெல்லாம் மேலே மிதந்து வரும். மழைத்தண்ணீர் சாக்கடையில் ஓடுவது, கீழ்வீட்டில் யாரோ சீனச் சூதாட்டமான மாஜோங்கின் காய்களைக் கலைப்பது, தூரத்தில் படகுத் துறையிலிருந்து ஊதுகிற ஒலி. நாங்கள் வேலையை விட்டுவிட்டு ஜன்னலோரம் நிற்போம். கரண்ட் திரும்பி வருவதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்கலாம். முதலில் மூலைக் காப்பிக்கடையின் ஐஸ்பெட்டி முனகும். பிறகு யார் வீட்டு ரேடியோவோ பாதிப் பாட்டில் எழும். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, திறந்த ஜன்னல்கள் வழியாக, 'பீப்' என்று ஒரு சின்னக் குரல். ஸ்விட்சை அமர்த்த மறந்த வீடுகளில் கம்ப்யூட்டர்கள் தாமாகவே விழித்துக்கொள்ளும் குரல் அது.

ஒவ்வொரு காலத்துப் பெட்டியும் ஒவ்வொரு விதமாக விழிக்கும். முதலில் வந்தவை டிவியோடு மாட்டுகிற சின்னப் பெட்டிகள். கரண்ட் போய் வந்தால் அவற்றுக்கு ஒன்றும் நினைவிருக்காது. காலையிலிருந்து தட்டியதெல்லாம் போய், நீலத் திரையில் ஒரு சதுரம் மட்டும் கண்ணைச் சிமிட்டும். பிறந்த பிள்ளை மாதிரி. அதற்குப் பின் வந்தவை பெரியவை. விழித்ததும் தன் நினைவுகளை எண்ணிப் பார்க்கும், 'பீப்' என்று சொல்லும், தேதி கேட்கும். கடிகாரம் இல்லாத பெட்டியாக இருந்தால் எத்தனை தடவை கரண்ட் போனாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி முதல் தேதி என்றே சொல்லும். ஒரே புத்தாண்டுக்குத் திரும்பத் திரும்பப் போய்விட்டு வருகிற அந்தப் பெட்டிகளைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

கனகசபை ஐயா யாழ்ப்பாணத்து வழிவந்தவர். டெலிபோன் இலாகாவில் இருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு இந்தக் கடையைப் போட்டவர். முழுக்கைச் சட்டை, மேல் பட்டன் வரை போட்டிருப்பார். ஒரு பெட்டியையும் 'கெட்டுப்போச்சு' என்று சொல்லமாட்டார். 'களைச்சுப் போச்சு' என்பார். பெட்டியைத் திறப்பதற்கு முன் கொண்டுவந்தவரை உட்காரவைத்துக் கதை கேட்பார். "கரண்ட் வந்த நேரம் வீட்டில ஆர் ஆர் என்ன செய்துகொண்டிருந்தவை?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. சிலருக்குக் கோபம் வரும். "ஐயா, நான் ரிப்பேருக்கு வந்தேன், போலீசுக்கு வரல" என்று கடை முதலாளியான ஒரு சீனத் தவுக்கே மலாயில் சொன்னது நினைவிருக்கிறது. ஐயா சிரித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டார்.

அவருக்கு ஒரு விதி உண்டு. கரண்ட் போனதும் எல்லா ஸ்விட்சையும் அமர்த்து. திரும்பி வந்ததும் தொடாதே. கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்து. முதலில் வருவது முரட்டுக் கரண்ட். ஊரில் உள்ள ஐஸ்பெட்டியெல்லாம் ஒன்றாக எழுந்து இழுக்கும்போது அது ஏறும், இறங்கும். சுவரில் உள்ள பல்பைப் பார். அது மஞ்சளிப்பது நின்று வெள்ளையாக நிலைத்த பிறகு முதலில் திரை, பிறகு பிரிண்டர், கடைசியாகப் பெட்டி. என் கை எழுவது அந்த நாட்களிலிருந்துதான்.

அந்த விதியை ஐயா தாமே மீறின ஒரு வீடு இருந்தது.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் அந்தோணி அண்ணன் என்று ஒருவர். பஸ் கண்டக்டராக இருந்தவர். நல்ல வாய். படியில் தொங்குகிறவனைக்கூடச் சிரிக்கவைத்து உள்ளே தள்ளிவிடுவார் என்று சொல்வார்கள். நாற்பது வயதுக்குள் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. உடம்பும் போய்விட்டது. வலது கைக் கட்டைவிரல் மட்டும் மிச்சம். மனைவி பிலோமினா அக்கா காலையில் அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, ஜன்னலோர நாற்காலியில் பெல்ட் போட்டு உட்காரவைத்துவிட்டுப் படகேறி அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலைக்குப் போவார். பிள்ளைகள் இல்லை. ஒரே சம்பளம்.

ஐயாவும் நானும் அவருக்கு ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தோம். விளையாட்டுக் கைப்பிடியிலிருந்து ஒரு பொத்தானைக் கழற்றி, அவர் கட்டைவிரலுக்கு அடியில் கட்டினோம். திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சம் அவற்றின் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்து போகும். வேண்டிய எழுத்தில் வரும்போது அவர் அழுத்தினால் அது கீழே விழும். தமிழைத்தான் எழுதுவார், ஆனால் ஆங்கில எழுத்தில். ஒரு வாக்கியத்துக்குள் நீங்கள் ஒரு கோப்பை காப்பி குடித்துவிடலாம். கடைசிக் கட்டத்தில் ஒரு மணியின் படம். அதை அழுத்தினால் பெட்டி 'பீப் பீப் பீப்' என்று கத்தும். சுவருக்கு அந்தப் பக்கம், மாவுக்குள் கிழங்குக் கறி வைத்து மடித்துக் கறிபாப் பொரித்து விற்கிற லெட்சுமி அக்கா கை மாவைத் துடைத்துக்கொண்டு வருவார். சாவி அவரிடம் ஒன்று உண்டு.

கரண்ட் போனால்? அதற்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கரண்ட் போனதும் லெட்சுமி அக்கா யாரும் கூப்பிடாமலே வந்து பார்ப்பார், தண்ணீர் கொடுப்பார், விசிறுவார். அடுப்பில் எண்ணெய் இருந்தால் போய்ப் போய் வருவார். கரண்ட் வந்ததும் சுவருக்கு அப்பால் பெட்டி தானாக விழித்து 'பீப்' என்று ஒரு தடவை சொல்லும். 'சரி, அண்ணனுக்கு வாய் வந்திருச்சு' என்று அவர் தன் வேலையைப் பார்ப்பார். அது அந்தக் காலத்துப் பெட்டி. பக்கத்தில் பெரிய ஸ்விட்ச், போட்டால் போட்டதுதான். கரண்ட் வந்தால் அதுவும் வந்துவிடும். அந்த ஸ்விட்சை யாரும் தவறி அமர்த்திவிடக் கூடாது என்று, எல்லாருக்கும் 'அமர்த்து, அமர்த்து' என்று சொல்கிற ஐயா, தன் கையாலேயே அதன் மேல் டேப் ஒட்டினார். முரட்டுக் கரண்ட் பெட்டியைத் தாக்காதிருக்க நடுவில் ஒரு கனத்த ஸ்டெபிலைசரையும் வைத்தார். ஒட்டி முடித்துக் கொஞ்ச நேரம் அந்த டேப்பைத் தடவிக்கொண்டு நின்றார். அப்படியே வருஷங்கள் ஓடின.

பிறகு அந்தோணி அண்ணனின் கூடப்பிறந்த மூத்தவர் சூசை புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி. தம்பி மேல் உயிர். ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரியில் வந்து, எங்கள் பொத்தானையும் புரோகிராமையும் தாமே புதுப்பெட்டிக்கு மாற்றிவிட்டு, பழையதை ஏற்றிக்கொண்டு போய்ப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டார். போகும்போது லெட்சுமி அக்காவிடம், "இது புதுசுக்கா, பூனை மாதிரி. சத்தமே இருக்காது" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு முதல் தடவையாகக் கரண்ட் போனது ஒரு வெயில் நாளில். மதியத்துக்கு முன்பே போய்விட்டது. லெட்சுமி அக்கா வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு அடுப்புக்குத் திரும்பினார். கரண்ட் வந்தது. புதுப்பெட்டி வரவில்லை. சாயங்காலம் பிலோமினா அக்கா படகிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, கதவைத் திறந்தபோது அவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெயில் ஒரு கன்னத்தைச் சிவக்கவைத்துவிட்டிருந்தது. உடுத்தியிருந்தது நனைந்திருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

இரண்டொரு நாளில் எங்களுக்கு ஆள் வந்தது. நாங்கள் போனபோது சூசை அண்ணன் ஏற்கெனவே அங்கே இருந்தார். லாரி கீழே நின்றது.

"தம்பி, நான் யாரையும் குத்தம் சொல்ல வரல" என்றார் என்னிடம். "என் வீடு பெருசு. என் சம்சாரம் நாள் பூரா வீட்லதான். இவன் இங்க எதுக்குத் தனியா கெடக்கணும்?"

"தனியா கெடக்கல அத்தான்" என்றார் பிலோமினா அக்கா, துணியை மடித்தபடியே. "இருக்காரு. நான் சாயங்காலம் வரேன். ஒரு கதை வச்சிருப்பாரு எனக்கு. நான் உங்கூருக்கு வந்தா வேலைக்கு எங்க போவேன்? இவரை மட்டும் அனுப்பிட்டு நான் இங்க யார்கிட்ட கதை கேப்பேன்?"

"கதை கேக்கறதுக்கா இவனைக் கொல்லப் பாக்குறே?"

அக்கா மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார்.

கனகசபை ஐயா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாரும் கொஞ்சம் இருங்கோ. அண்டைக்குக் கரண்ட் வந்த நேரம் இந்த வீட்டிலயும் பக்கத்து வீட்டிலயும் ஆர் ஆர் என்ன செய்துகொண்டிருந்தவை?"

வாசலில் நின்ற லெட்சுமி அக்கா முன்னே வந்தார். முகம் வீங்கியிருந்தது. "நான் கறிபாப் மடிச்சிக்கிட்டு இருந்தேன் ஐயா. காத்தாடி சுத்துச்சு. அந்தப் பக்கம் சத்தம் இல்ல. புதுசு சத்தம் போடாதுன்னு இவருதானே சொன்னாரு, பூனை மாதிரின்னு. சரி, பூனை முழிச்சிருச்சுன்னு நெனச்சேன். ஏதும் வேணும்னா மணி அடிப்பாரேன்னு இருந்துட்டேன்."

சூசை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். புதுப்பெட்டி அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிலோமினா அக்கா காலையில் பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டிருந்தார். திரையில் அந்த வெளிச்சம் எழுத்துகளின் மேல் நடந்தது. கட்டைவிரல் அழுத்தியது. ஒவ்வொரு எழுத்தாக விழுந்து, கடைசியில் இப்படி நின்றது: 'டிரைவர் தூங்கிட்டான். கண்டக்டர் என்ன செய்ய?'

லெட்சுமி அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது.

ஐயா எழுந்து பெட்டியின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்த்தார். புது விதப் பெட்டிகளைப் பற்றி எங்களுக்கு அப்போதுதான் தெரியவந்துகொண்டிருந்தது. பழைய ஸ்விட்ச் கதவுத் தாழ் மாதிரி, போட்ட இடத்தில் நிற்கும். புதியதில் இருப்பது அழைப்பு மணிப் பொத்தான். ஒரு தடவை யாராவது அழுத்தவேண்டும். கரண்ட் வந்தால் பெட்டிக்குள் ஒரு மூலை மட்டும் விழித்துக்கொண்டு, யாராவது அழுத்துவார்களா என்று காத்துக்கொண்டே இருக்கும். சில பெட்டிகளில், 'கரண்ட் வந்தால் தானே எழுந்துகொள்' என்று சொல்லிவைக்க உள்ளே ஓர் இடம் உண்டு. இதில் தேடினோம். இல்லை.

"இதுக்கு ஒரு விரல் வேணும்" என்றார் ஐயா.

அவர் தேர்ந்தெடுத்த விரல் ஒரு கெப்பாசிட்டர். புளியங்கொட்டை அளவுகூட இருக்காது. அதை ஒரு சின்னக் குவளை என்று நினைத்துக்கொள்ளுங்கள். காலியாக இருக்கும். கரண்ட் வந்ததும் கொஞ்சம் குடித்து நிரம்பும். அது குடிக்கிற அந்தக் கண நேரத்தில், யாரோ பொத்தானை அழுத்திக் கையை எடுத்துவிட்டார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும், எழுந்துவிடும். பொத்தானுக்குப் போகிற இரண்டு கம்பிகளுக்கு நடுவே நான் அதை வைத்து ஒட்டினேன். விழித்ததும் பீப் சொல்கிற உள் ஸ்பீக்கரின் கம்பி மாட்டாமலே தொங்கியது. அதையும் மாட்டினேன். ஸ்டெபிலைசரை மறுபடி நடுவில் வைத்தோம்.

சோதிக்கவேண்டும். ஐயா சூசை அண்ணனை மெயின் ஸ்விட்ச் பக்கத்தில் நிறுத்தினார். "நீங்கதான் கரண்ட். நீங்கள் நம்பினால்தான் சரி." லெட்சுமி அக்காவை அவர் வீட்டுக்கே அனுப்பினார். "இஞ்ச நிண்டு கண்ணால பாக்கவேண்டாம். அங்க நிண்டு காதால கேட்டுச் சொல்லுங்கோ."

சூசை அண்ணன் அமர்த்தினார். காற்றாடி மெல்ல நின்றது. கீழே மார்க்கெட்டில் யாரோ மீன் விலை சொல்வதும், பினாங்கு மலைப் பக்கமிருந்து இடி முனகுவதும் கேட்டன. நல்ல நேரம் விட்டு, ஐயா தலையசைத்தார். ஸ்விட்ச் விழுந்தது. பெட்டிக்குள் சின்னக் காற்றாடி மூச்சு விட்டது. பீப்.

"கேட்டுச்சு" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

பிலோமினா அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். எனக்கும் அதோடு போதும் என்றிருந்தது. ஆனால் சூசை அண்ணன், "இருங்க தம்பி" என்று சொல்லி, ஸ்விட்சை அமர்த்தின கையோடு திரும்பப் போட்டார். இமை மூடித் திறக்கும் நேரம். கரண்ட் சில சமயம் அப்படித்தானே போய் வரும். வீட்டுக் காற்றாடி நிற்கக்கூட இல்லை. பெட்டி செத்துக் கிடந்தது. காத்திருந்தோம்.

"கேக்கலியே" என்றது சுவர்.

சூசை அண்ணன் வெற்றி மாதிரி ஒன்றும் காட்டவில்லை. அழப்போகிறவர் மாதிரி தம்பியைப் பார்த்தார். "பாத்தியாடா" என்றார் மெதுவாக. "நான் சும்மா சொல்லலடா."

ஐயா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "குவளை காலியாக நேரம் கிடைக்கேல்ல. நிரம்பின குவளை எப்பிடிக் குடிக்கும்? அடியில ஒரு சின்ன ஓட்டை போடுவம்" என்றார். அந்த ஓட்டை ஒரு ரெசிஸ்டர். கெப்பாசிட்டரின் இரண்டு காலுக்கும் குறுக்கே அதை வைத்து ஒட்டினால், கரண்ட் போன கையோடு குவளை சீக்கிரம் வடிந்துவிடும். ஓட்டை பெரிதானால் குவளை நிரம்பவே நிரம்பாது, சிறிதானால் வடியாது. கைப்பெட்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஈயப் புகை ஜன்னல் வெயிலில் நீல நூலாக ஏறியது. அந்தோணி அண்ணன் அந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை பெட்டி எழுந்து உடனே படுத்துவிட்டது. இன்னொன்றில் எழவே இல்லை. நாலைந்து மாற்றினதில் ஒன்று பொருந்தியது.

சூசை அண்ணன் வெகு நேரம் அமர்த்திப் போட்டார். பீப். கொஞ்ச நேரம் அமர்த்திப் போட்டார். பீப். இமை நேரத்துக்கு அமர்த்திப் போட்டார். பீப்.

"கேட்டுச்சு. கேட்டுச்சு. கேட்டுச்சுலா, போதும், எண்ணெய் காயுது" என்றது சுவர்.

அதற்குப் பிறகும் சூசை அண்ணன் ஸ்விட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்போது திரையில் வெளிச்சம் நடக்கத் தொடங்கியது. எல்லாரும் அதையே பார்த்தோம். எழுத்துகள் விழ விழ சூசை அண்ணன் உதட்டால் கூட்டிக்கூட்டிப் படித்தார். 'நிபோங்' என்று வந்தது. 'திபால்' என்று வந்தது. 'டிக்கெட்' என்று வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. தம்பி வரச் சம்மதித்துவிட்டான் என்றே நினைத்தார். பிலோமினா அக்கா தலையைத் திருப்பிக்கொண்டார். வெளிச்சம் மறுபடி வரிசையின் தொடக்கத்துக்குப் போய், நிதானமாக நடந்து வந்தது. 'வேணாம்' என்று விழுந்தது.

கட்டைவிரல் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. அடுத்த வரி முழுதாவதற்குள் லெட்சுமி அக்கா கறிபாப் தட்டோடு வந்துவிட்டார். 'ஞாயிறு வரேன் அண்ணே. ரிட்டர்ன் டிக்கெட்.'

சூசை அண்ணன் மெயின் ஸ்விட்சின் மூடியைச் சாத்தினார். தம்பியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, அவர் கட்டைவிரலைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "கண்டக்டர் திமிரு போகல பாரு உனக்கு" என்றார். பிறகு எங்களிடம், "கறிபாப் சாப்பிடுங்க தம்பி, சூடா இருக்கு" என்றார். நாங்கள் கீழே இறங்கும்போது லாரி ஆளில்லாமல் நின்றது. தம்பியைப் படுக்கவைத்துக் கூட்டிப்போக, அதன் பின்பக்கத்தில் ஒரு மெத்தையை மடித்துக் கயிறு போட்டு வைத்திருந்தார்.

அந்தப் பெட்டி அதற்குப் பிறகும் நெடுங்காலம் அங்கே விழித்துக்கொண்டிருந்தது. ஐயா காலமான பின்பும் கரண்ட் போய் வந்த மறுநாள் நான் வழக்கமாக ஆயர் ஈத்தாமுக்கு ஒரு நடை போய் வருவேன். உங்கள் அம்மாவுக்குத் தெரியும். இப்போதுள்ள பெட்டிகளுக்கு இதெல்லாம் தேவையில்லை. அவற்றுக்குள்ளேயே சொந்தக் கரண்ட் இருக்கிறது. போனது அவற்றுக்குத் தெரியாது, வந்ததும் தெரியாது. நல்லதுதான்.

அந்தப் பெட்டிக்கு விரல் வைத்த அன்று சாயங்காலம் ஐயா நேராக வீட்டுக்குப் போய்விட்டார். கைப்பெட்டியை வைப்பதற்காக நான் மட்டும் கடைக்குத் திரும்பினேன். மாடியில் யாரும் இல்லை. பலகை ஜன்னலின் இடுக்குகள் வழியாக வெளிச்சம் வரிவரியாகத் தரையில் கிடந்தது. என்ன நினைத்தேனோ, கடையின் மெயின் ஸ்விட்சை அமர்த்தினேன். ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு பெட்டியின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்தோணி அண்ணன் மாதிரி இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டேன். கருப்பாக இருந்த திரையில் என் முகம் தெரிந்தது. வரிவெளிச்சம் மெல்ல நகர்ந்து முழங்காலுக்கு வந்தது, மார்புக்கு வந்தது. கீழே தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டு போனார்கள். என்னைக் கூப்பிட்டிருந்தாலும் அவர்களுக்கு நான் பதில் சொல்லியிருக்கமாட்டேன். ஒரு கொசு வந்து கழுத்தில் உட்கார்ந்தது. அது குடித்து முடித்துப் பறந்து போகும்வரை நான் அசையவில்லை.